ஆக்சிஜன் சென்சார்: பத்து நிமிடப் பழுது, மூன்று நாள் மல்லுக்கட்டு

ஒரு வழியாக வெளியே வந்துவிட்டது. அறுகோணத் தலை பாதி வட்டமாகி, மரையெல்லாம் கறுத்து, வண்டிப் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று அளந்துவந்த பழைய ஆக்சிஜன் சென்சார் இப்போது என் மேசையில் கிடக்கிறது. எறிய மனமில்லை, என்னோடு மூன்று நாள் மல்லுக்கட்டிய எதிரி அல்லவா!

பழுதைக் கண்டுபிடித்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனர் பி0135 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டியது. புகையைச் சுத்திகரிக்கும் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரில், முனையைச் சூடாக்கும் ஹீட்டரின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள். சிக்னலைப் பார்த்தபோது அதுவே கதையைச் சொல்லிவிட்டது. வண்டி ஓடும்போது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஒழுங்காக ஏறி இறங்குகிறது. ஐடிலில், அதாவது என்ஜின் ஓடியபடியே வண்டியை, இரண்டு நிமிடம் நிறுத்தினால் 0.45 வோல்ட்டில் அப்படியே படுத்துவிடுகிறது. சென்சாரின் சிர்கோனியா (ஒரு வகைப் பீங்கான்) முனை ஏறக்குறைய 300 டிகிரி சூட்டுக்கு மேல்தான் வேலை செய்யும். வேகத்தில் புகையின் சூடே போதும், ஐடிலில் போதாது. ஃபியூஸ் நன்றாக இருந்தது, வண்டிப் பக்கத்து பிளக்கில் 12 வோல்ட்டும் வந்தது. சென்சார் பக்கத்தின் இரண்டு வெள்ளைக் கம்பிகளுக்கு நடுவே மல்டிமீட்டரை வைத்தேன்: தொடர்பே இல்லை. ஹீட்டர் இழை அறுந்துவிட்டது. சென்சாரைப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகிவிடும் என்று அறிவுரை சொல்பவர்கள், அறுந்த கம்பியை எந்தப் பெட்ரோல் ஒட்டவைக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

இனி கழற்றல். முதல் நாள், கம்பி நுழைவதற்காகப் பக்கவாட்டில் வெட்டுவிட்ட 22 மில்லிமீட்டர் சாக்கெட்டைப் போட்டு இழுத்தேன். சென்சார் அசையவில்லை, சாக்கெட்டின் வெட்டுத்தான் வாயைப் பிளந்தது. மெல்லிய சுவருள்ள இந்தச் சாக்கெட்டுகளை விற்பவர்கள் மீது எனக்குத் தீராத கோபம். புதிய சென்சாருக்கு அவை போதும். என்ஜின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் மேனிஃபோல்டோடு பல வருடம் வெந்து ஒட்டிப்போனதற்கு, தலையை வழுக்கவைக்க மட்டுமே உதவும்.

இரண்டாம் நாள்தான் புத்தி வந்தது. சென்சார் ஏற்கெனவே செத்தது, அதன் கம்பி எனக்கு எதற்கு? தலையை ஒட்டிக் கம்பிகளை வெட்டி எறிந்துவிட்டு, ஆறு பக்கம் கொண்ட முழு ஆழச் சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி உட்காரவைத்தேன். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் வேண்டாம். மிச்சமிருக்கும் மூலைகளையும் தின்றுவிடும். துரு நீக்கும் எண்ணெயை இரவில், என்ஜின் முழுக்க ஆறிய பிறகு அடித்தேன். சூடான மேனிஃபோல்டில் அடித்தால் தீப்பிடிக்கும்.

மூன்றாம் நாள் காலை என்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினேன். கையுறை, நீளமான தண்டு. முதலில் கழற்றும் பக்கம் இழுக்காமல், இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை தள்ளினேன். ‘டக்’. அந்தச் சத்தத்துக்காகத்தான் இத்தனை பாடும். அதன் பிறகும் அவசரப்படவில்லை: கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி கால் சுற்று. ஒரே இழுப்பில் உருவியிருந்தால் மேனிஃபோல்டின் மரையும் கூடவே வந்திருக்கும். அப்படியும் முதல் இரண்டு மரை கசங்கியிருந்தது. எம்18×1.5 அளவு மரையைச் சீர்செய்யும் டேப் என்ற கருவியின் பள்ளங்களில் கிரீஸை அப்பி இறக்கினேன். இரும்புத்தூள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது.

புதியதை வாங்கியதில் ஒரு தப்புச் செய்தேன். பிளக் இல்லாத, கம்பியை நாமே இணைக்கவேண்டிய பொது வகை. விலை குறைவு என்று எடுத்தேன். மிச்சம் பிடித்த பணத்துக்கு ஒரு மணி நேரம் குனிந்து வேலை செய்தேன். ஈயம் வைத்துப் பற்றவைக்கவில்லை. இந்த வகையில், புகையோடு ஒப்பிட சென்சாருக்குத் தேவையான வெளிக்காற்று கம்பி இழைகளுக்கு இடையே புகுந்துதான் உள்ளே போகிறது. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். நெருக்கி இணைக்கும் குழல்களே சரி. மரை ஒட்டிப்போகாமல் இருக்கப் பசை பூசியே வந்தது, முனையில் விரல் படாமல் மாட்டினேன். அடுத்த முறை பிளக்கோடுதான் வாங்குவேன், பெட்டியின் முத்திரையையும் நன்றாகப் பார்த்து, போலிகள் ஏராளம்.

விளைவு? ஐடிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் சிக்னல் படுக்கவில்லை, துள்ளிக்கொண்டே இருக்கிறது. விளக்கு அணைந்தது.

ஆனால் எரிபொருள் திருத்தம், அதாவது சென்சார் சொல்வதைக் கேட்டு என்ஜின் கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு, ஐடிலில் இன்னும் கூட்டல் 14 சதவீதத்தில் நிற்கிறது. நிமிடத்துக்கு 2500 சுற்றில் 4 ஆகிவிடுகிறது. எங்கோ காற்று கசிகிறது. முதலில் உறிஞ்சும் பக்கத்து ரப்பர் குழாய்களைச் சந்தேகித்தேன். அவை நன்றாகவே இருந்தன. பிறகு ஆறிய என்ஜினில், வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் புகைக்குழாயில் செருகி, மேனிஃபோல்டும் என்ஜினும் சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கெட் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். மூன்றாவது சிலிண்டருக்கு நேராகக் குமிழ். அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, கலவையில் எரிபொருள் குறைவு என்று புதிய சென்சாரையும் பொய் சொல்லவைக்கிறது.

கேஸ்கெட்டை மாற்ற மேனிஃபோல்டைக் கழற்றவேண்டும். அதன் நட்டுகளும் சென்சாரின் வயதுதான். இன்றிரவே எண்ணெய் அடித்துவிட்டேன்.