நகத்தில் தட்டுப்பட்ட கீறல்

காலையில் காற்று நிரப்ப வந்த ஒரு கார்பன் ஃபைபர் டைவிங் சிலிண்டரைத் திருப்பித் திருப்பி விரலால் தடவிக்கொண்டிருந்தேன். கழுத்துக்குக் கொஞ்சம் கீழே நகம் சட்டென்று நின்றது.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. தலைமுடி போல மெல்லிய கீறல். அதன் ஓரத்தில் அறுந்த இழைகள்.

நிரப்பவில்லை. மிச்சக் காற்றை மெதுவாக வெளியேற்றி, பரிசோதகருக்கு அனுப்பத் தனியாக வைத்துவிட்டேன்.

எஃகு சிலிண்டர் அடிபட்டால் பள்ளம் விழும், பார்த்ததும் தெரியும். இது அப்படியில்லை. உள்ளே மெல்லிய அலுமினியக் கூடு. 300 பார் அழுத்தத்தில் பெரும்பங்கைத் தாங்குவது மேலே சுற்றிய இழைகள்தான். அந்த அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல்! கீழே விழுந்தால் வெளியே பளபளப்பாகவே இருக்கலாம், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம்.

கடல்நீர் இன்னொரு கவலை. இழைக்கும் அலுமினியத்துக்கும் நடுவே உப்புநீர் புகுந்தால் அலுமினியம் அரித்துப்போகும். அதனால் நீருக்கடியில் பயன்படுத்த அனுமதி உள்ளதா என்றுதான் முதலில் முத்திரையில் தேடுவேன். தீயணைப்பு வீரர்கள் முதுகில் சுமப்பதும் இதே உருவம்தான், ஆனால் எல்லாமே கடலுக்கு ஆனவை அல்ல.

கீறலை மறைக்கப் பெயின்ட் அடிப்பவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது.

அப்புறம் உரியவருக்கு ஃபோன் செய்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "போன வாரம் படகில் உருண்டு விழுந்தது" என்றார்.