மேடையிலிருந்து கேமராவுக்கு: ஒரு லைட்காரனின் நாட்குறிப்பு

ஜூன் 3

பல வருடம் நாடகத்துக்கு லைட் போட்டவன், முதல்முறையாக ஒரு குறும்படத்துக்கு வந்திருக்கிறேன். கை பழக்கப்படியே போனது. நடிகைக்கு இடமும் வலமும் 45 டிகிரியில் இரண்டு ஃப்ரெனெல் (லென்ஸ் வைத்த விளக்கு), ஒன்றில் மஞ்சள் ஜெல் (விளக்கு முன் போடும் நிறத்தாள்), மற்றதில் இளநீலம். மேடை ஒளியமைப்பு ஆசிரியர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1932-இல் எழுதி வைத்த முறை. மேடையில் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை.

கேமராமேன் மானிட்டரைக் காட்டினார். "அண்ணே, மூக்குக்கு ரெண்டு நிழல் விழுது, பாருங்க."

விழத்தான் செய்தது. குளோசப்பில் மீசை மாதிரி. இருபதாவது வரிசையிலிருந்து யார் மூக்கைப் பார்க்கப்போகிறார்கள்? கேமராமேன் ஒரு விளக்கை அணைத்துவிட்டு, மற்றதன் வெளிச்சம் பட்டுத் திரும்ப அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் பலகையைப் பிடித்தார். அவ்வளவுதான், முகம் உட்கார்ந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜூன் 4

ஜன்னலோரக் காட்சி. வெளியே பகல் வெளிச்சம் 5600 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் அலகு; எண் கூடினால் நீலம், குறைந்தால் ஆரஞ்சு), உள்ளே என் டங்ஸ்டன் இழை விளக்குகள் 3200. என் கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான். கேமராவுக்கு முகத்தில் பாதி ஆரஞ்சு, பாதி நீலம்.

விளக்கில் முழு நீல ஜெல் போட்டால் வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். அதனால் ஜன்னல் கண்ணாடியில் ஆரஞ்சு ஜெல் ஒட்டினோம். அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, கொஞ்சம் போனால் போகட்டும். காற்றில் ஜெல் படபடத்ததில் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் மட்டும் முறைத்தார்.

ஜூன் 5

படப்பிடிப்பு இல்லை. ஜெல் துண்டுகளை அடுக்கினேன். உதவிக்கு வந்த பையன் ஹாலஜன் பல்பை வெறும் விரலால் பிடித்தான். விரல் எண்ணெய் பட்ட இடம் தனியாகச் சூடேறி பல்பு வெடிக்கும் என்று சொல்லி, ஸ்பிரிட் வைத்துத் துடைக்க வைத்தேன்.

ஜூன் 6

மேஜை விளக்கடியில் கடிதம் படிக்கும் காட்சி. அந்த விளக்கையே நம்பினால் ஷேடு வெளுத்துப்போகிறது, முகமோ இருட்டு. சரி, அதற்குள் சின்ன வாட் பல்பைப் போட்டு, ஃபிரேமுக்கு வெளியே அதே திசையில் வேறொரு விளக்கு வைத்து முன்னால் துணி கட்டினேன்.

முகம் நன்றாக வந்தது, ஆனால் பின்சுவரும் பளிச்சென்று நின்றது. விளக்கின் முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் கதவுத் தகடுகளை மடக்கிப் பார்த்தேன். கேமராமேன் விளக்கை, துணியோடு சேர்த்து, முகத்துக்கு ஒரு மீட்டர் வரை இழுத்தார், அப்புறம் டிம்மரைக் குறைத்தார். சுவர் தானாக இருண்டது! தூரம் மூன்று மடங்கானால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்கு. விளக்கிலிருந்து சுவர் மூன்று மீட்டர். துணி கிட்டே வந்ததால் நிழலின் ஓரமும் குழைந்துவிட்டது. இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததல்ல. மேடையில் விளக்குகள் உயரத்தில் கட்டிக்கிடப்பதால் நகர்த்தும் எண்ணமே வராது.

இரவில் இன்னொரு தலைவலி. பின்னால் இருந்த மலிவான எல்இடி பல்பால் மானிட்டரில் கோடுகள் ஊர்ந்தன. 50 சைக்கிள் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை துடிக்கிறது. கேமரா ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நொடியில் 60-இல் ஒரு பங்கு திறந்திருந்தது. 50-இல் ஒரு பங்குக்கு மாற்றியதும் ஃபிரேமுக்குச் சரியாக இரண்டு துடிப்பு, கோடுகளைக் காணோம்.

ஜூன் 9

மறுபடி நாடக ஒத்திகை. துக்கக் காட்சியில் ஒரு பக்க விளக்கை அணைத்துவிட்டு, பெருமையாக நின்றேன். கடைசி வரிசையிலிருந்து இயக்குநர் குரல்: "பாதி முகம் எங்கய்யா?"

20 சதவீதத்தில் திரும்ப ஏற்றினேன். டிம் ஆன டங்ஸ்டன் செம்மஞ்சளாக மாறுமே, அது அந்த அழுகைக்குப் பொருந்திப்போனது.

அடுத்த மாதம் எல்லாம் எல்இடி ஆகிறது. மூத்த நடிகருக்கு அதுதான் கவலை. "சூடு கன்னத்துல பட்டாத்தான்டா சரியான இடத்துல நிக்கிறேன்னு எனக்குத் தெரியும். இனிமே எப்படி?"

தரையில் டேப் ஒட்டித் தருவதாகச் சொன்னேன். குனிந்து பார்த்தால் வசனம் மறந்துவிடுமாம்.