பி வேவ் இல்லாத இ.சி.ஜி.யும் ஆறு சிட்டிங் லேசரும்

எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்த கையோடு புதுச்சேரிக்குப் போய் ஒரு டாட்டூ குத்திக்கொண்டேன். இடது முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே. கறுப்பில் ஒரு இ.சி.ஜி. கோடு, அது முடியும் இடத்தில் சிவப்பில் ஒரு குட்டி இதயம். 2,500 ரூபாய், முக்கால் மணி நேரம். டாக்டருக்குப் படிக்கிறவள் இ.சி.ஜி. குத்திக்கொள்வதைப் போலப் பழைய யோசனை வேறில்லை என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு உலகத்திலேயே எனக்கு மட்டும் தோன்றியது போல இருந்தது. அதை அழிப்பதற்கு அதைப்போல எட்டு மடங்குக்கு மேல் செலவானது. ஜூனியர்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதல் அடி ரத்த தான முகாமில் விழுந்தது. வரிசையில் நின்று படிவம் நிரப்பினேன். ரத்த வங்கி டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, "எப்ப குத்துனது? 12 மாசம் ஆகணும், போ" என்று அனுப்பிவிட்டார். ஊசி வழியாக ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. வரலாம் என்பதால் அந்த ஒரு வருடத் தடை. எல்லாம் படித்ததுதான். என் கைக்கும் அது பொருந்தும் என்று யோசித்திருக்கவில்லை.

இரண்டாவது அடி இன்னும் பலமானது. இறுதியாண்டில் மெடிசின் போஸ்டிங். ரவுண்ட்ஸில் சீஃப் என் கையைப் பிடித்துத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "என்னம்மா, பி வேவையே காணோம்? ஜங்ஷனல் ரிதமா?" துடிப்பு வழக்கமான இடத்தில் தொடங்காமல் இதயத்தின் நடுச் சந்திப்பில் தொடங்கினால் அதுதான் ஜங்ஷனல் ரிதம். யூனிட்டே சிரித்தது. டாட்டூ கடைக்காரர் இணையத்தில் கிடைத்த படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். ஒவ்வொரு துடிப்பின் உயரமான முனையான க்யூ.ஆர்.எஸ். மட்டும் மலை மலையாக நிற்கிறது, அதற்கு முன்னால் வரவேண்டிய சின்ன மேடான பி வேவ் ஒன்றுகூட இல்லை. முதல் வருடப் பிசியாலஜியிலேயே அது வந்துவிடுகிறது. குத்தும்போது அதைச் சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம் கல்லூரியில் என் பெயரே 'ஜங்ஷனல்' ஆகிவிட்டது.

படிப்பு முடிந்து ஒரு வருடப் பயிற்சி டாக்டர், அதாவது சி.ஆர்.ஆர்.ஐ. ஆனபிறகு நோயாளிகள் என்ன நினைப்பார்களோ என்று ஒரு பயம் இருந்தது. எங்களுடையது தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை. பெண்கள் வார்டில் பாதிப் பாட்டிமார் கையில் பச்சை இருக்கும்: புள்ளிக்கோலம், தேள், புருஷன் பெயரின் முதல் எழுத்து. ஒரு பாட்டிக்கு டிரிப் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி போட நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏந்தாயி, நீயும் பச்சை குத்தியிருக்கியா? வலிச்சுச்சா?" என்று கேட்டார். தன்னுடையதைக் காட்டினார். ஊர் ஊராக வந்து குத்தும் பெண்ணிடம் ஒரு படி கம்பு கொடுத்துக் குத்திக்கொண்டதாம். "நகையெல்லாம் கழட்டிருவாக. இது ஒண்ணுதான் சுடுகாடு வரைக்கும் கூட வரும்." நான் போட்ட ஊசி முதல் தடவையே ஏறிவிட்டதும் அவருக்குப் பச்சையின் ராசியாகத்தான் பட்டது.

முகம் சுளித்ததெல்லாம் எங்கள் ஆட்கள்தான். ஒரு உதவிப் பேராசிரியை, "டாக்டர் மாதிரியா இருக்கு?" என்று வார்டிலேயே கேட்டார். எங்கள் வார்டு அட்டெண்டர் அண்ணனின் கையில் முழங்கை அளவுக்கு இரட்டை இலை இருக்கிறது. அதை ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நான் 'நம்மில் ஒருத்தி' போல இருக்கவேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று அப்போதே தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோபத்தில் விதிகளைத் தேடினேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளில் பொறுமை, அடக்கம், தூய்மையான குணம் எல்லாம் இருக்கின்றன, பச்சை பற்றி ஒரு வரி இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் அவசரப் பிரிவு டாக்டர்கள் ஒட்டும் டாட்டூவோடும் போலித் தோடுகளோடும் ஒருநாள், அது எதுவும் இல்லாமல் ஒருநாள் என்று வேலைபார்த்து, 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் கருத்துக் கேட்ட ஆய்வு 2018-இல் வந்திருக்கிறது. மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை. இதை அந்த மேடத்திடம் சொன்னேனா என்றால், இல்லை. என் பயிற்சிக் குறிப்பேடான லாக்புக்கில் கையெழுத்துப் போடவேண்டியவர் அவர்தான்.

பயிற்சியின் ஏழாவது மாதம் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு டியூட்டி டாக்டர் வேலைக்கான நேர்காணலுக்குப் போனேன். மருத்துவக் கேள்விகள் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டன. கடைசியில் எச்.ஆர். ஆள் கையைக் காட்டி, "இது தெரியக்கூடாது, ஃபுல் ஸ்லீவ் போட்டுக்கோங்க" என்றார். சரி என்றேன். பக்கத்தில் இருந்த தொற்றுத் தடுப்புச் சிஸ்டர் உடனே, "ஃபுல் ஸ்லீவ் ஆகாது சார், முழங்கைக்குக் கீழே துணி, வாட்ச், வளையல் எதுவும் கூடாது" என்றார். இங்கிலாந்தில் 2007-இல் வந்த வழிகாட்டுதலைப் பார்த்து இங்கேயும் பல இடங்களில் பிடித்துக்கொண்ட வழக்கம் இது. மணிக்கட்டு வரை ஒழுங்காகக் கழுவ முடியவேண்டும், நியாயம்தான். ஆனால் மூடினால் ஒரு விதி இடிக்கிறது, திறந்தால் இன்னொரு விதி இடிக்கிறது. இருவரும் என்னை வைத்துக்கொண்டே ஐந்து நிமிடம் வாதாடினார்கள். முடிவில், "சேர்றதுக்குள்ள எடுத்துட்டா நல்லது" என்றார்கள். ராணுவ மருத்துவப் பிரிவுக்கு முயன்ற என் வகுப்புத் தோழி இதைக் கேட்டுச் சிரித்தாள். அங்கே முன்கையின் உள்பக்கத்திலும் புறங்கையிலும் டாட்டூ இருக்கலாமாம். ராணுவம் ஏற்கிற இடத்தில்தான் என்னுடையது இருந்தது.

வேலை வேண்டும் என்பதால் லேசருக்குப் போனேன். தோல் டாக்டர் முதலில் மூன்று விஷயங்களைக் கேட்டார்: தழும்பு மேலெழும்பி வளர்கிற கீலாய்டு உண்டா, முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிடுகிறேனா, எத்தனை சிட்டிங் என்று எதிர்பார்க்கிறேன். மூன்று என்றேன். 2009-இல் வெளியான கிர்பி-தேசாய் அளவுகோலை எடுத்துக் காட்டினார். தோல் நிறம், உடம்பில் இடம், மை நிறம், மை அளவு, தழும்பு, மேலே மேலே குத்தியதா என்று ஆறு அம்சங்களுக்கு மதிப்பெண். கூட்டுத்தொகை ஏறக்குறைய சிட்டிங் எண்ணிக்கை. என் நிறத்துக்கே 5. மணிக்கட்டுப் பக்கத்துக்கு இன்னொரு 5, ஏனென்றால் கை நுனியில் ரத்த ஓட்டமும் நிணநீர் ஓட்டமும் மெதுவு. உடைத்த மையை உடம்பில் அந்நியத் துகள்களை விழுங்கும் செல்களான மேக்ரோஃபேஜ்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகவேண்டும். லேசர் தூளாக்க மட்டும்தான் செய்யும்.

மரத்துப்போகும் கிரீமைத் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். அப்புறம் கண்ணுக்கு மூடி. க்யூ-ஸ்விட்ச்டு என்டி-யாக் இயந்திரம், கறுப்புக்கு 1064 நானோமீட்டர். படக் படக் என்று சத்தம், ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டது போல ஒரு அடி, கூடவே முடி பொசுங்கும் வாசனை. கோடு கண்ணெதிரே பாலாடை போல வெள்ளையாகிறது. மை போய்விட்டது என்று குதூகலித்தேன். அது தோலுக்குள் உண்டான வாயுக் குமிழி, கால் மணி நேரத்தில் கலைந்துவிடும் என்றார் டாக்டர். கலைந்தது. கோடு அப்படியே இருந்தது. குத்தும்போது இருந்ததைவிட வலி அதிகம், ஆனால் நேரம் குறைவு: ஐந்தே நிமிடம். ஒரு சிட்டிங் 3,500 ரூபாய்.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் தேதி. சர்ஜரி போஸ்டிங் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது முதல் சிட்டிங். மறுநாள் கொப்புளம், அதற்கடுத்த நாள் உடைந்து ஈரம். முன்கையில் திறந்த புண்ணோடு ஸ்க்ரப் ஆக, அதாவது கையைத் தேய்த்துக் கழுவி ஆபரேஷனில் சேர முடியாது. பத்து நாள் தியேட்டர் ஓரத்தில் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டு நின்றேன். வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்க ஆளில்லை என்று மேற்படிப்புப் படிக்கும் பி.ஜி. அண்ணன் என்னைத் திட்டாத நாளில்லை. அவர் திட்டியதிலும் தப்பில்லை. அதனால் ஜூனியர்களே, லேசர் போடுவதென்றால் சர்ஜரி, மகப்பேறு (ஓ.ஜி.) முடித்துவிட்டுக் கம்யூனிட்டி மெடிசினில் போடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையில் டிரெஸ்ஸிங்கோடு உட்கார்ந்து ஓ.பி. பார்க்கலாம். அங்கேயும் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், புண் ஆறினபிறகு சன்ஸ்கிரீன் கட்டாயம். கறுத்த தோலில் வெயில் பட்டால் அந்த இடம் இன்னும் கறுக்கும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு சிட்டிங். இரண்டாவதற்குப் பின் கோடு சாம்பல் நிறமானது. மூன்றாவது முடிந்திருந்தபோது வேலையில் சேர்ந்தேன். பாதி அழிந்த கோட்டோடுதான் போனேன். நேர்காணலில் பேசிய எச்.ஆர். ஆள் அதற்குள் வேறு இடத்துக்கு மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் கையைப் பார்க்கவே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதியில் நின்ற டாட்டூ முழு டாட்டூவைவிட அசிங்கமாக இருந்தது, மேலும் மூன்று போட்டேன்.

கோடு இப்போது ஏறக்குறைய இல்லை. உற்றுப் பார்த்தால் தோல் நிறத்தைவிட வெளிறிய ஒரு தடம் தெரியும். சிவப்பு இதயம்தான் போகவில்லை. சிவப்புக்கு 532 நானோமீட்டர் வேண்டும், அந்த அலைநீளத்தை நம் தோலின் நிறமியான மெலனினும் வாங்கிக்கொள்ளும், வெள்ளைத் திட்டு விழ வாய்ப்பு அதிகம். குறைந்த சக்தியில் இருமுறை முயன்ற டாக்டர், "இதுக்கு மேல வேணாம்மா" என்று நிறுத்திக்கொண்டார். மொத்தம் 21,000 ரூபாய், கிரீம் எல்லாம் தனி.

போன வாரம் எங்கள் ஓ.பி.க்கு வந்த ஒரு பாட்டி, பி.பி. பார்க்கும்போது என் மணிக்கட்டில் விரலை வைத்து, "என்னம்மா, எண்ணெய் தெறிச்சுருச்சா?" என்று கேட்டார். ஆமாம் பாட்டி என்றேன். அப்பளம் பொரிக்கும்போது தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போனார்.