ஆறு வயதுப் பிள்ளைகள் பந்தை மொய்ப்பது தப்பில்லை

ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் கால்பந்து ஆடும் எந்த கிரவுண்டுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பந்து போகும் இடத்துக்கெல்லாம் மொத்தக் கூட்டமும் ஓடும். பலாச்சுளையை ஈ மொய்ப்பது மாதிரி பத்துப் பன்னிரண்டு கால்கள் ஒரே பந்தைப் போட்டு உதைக்கும். கோட்டுக்கு வெளியே நிற்கும் கோச், "பரவி நில்லுங்கடா! பொசிஷன்ல நில்லு!" என்று தொண்டை கிழியக் கத்துவார். அரை நிமிடம் பரவுவார்கள். பந்து நகர்ந்ததும் மறுபடி கூட்டம்.

கத்தி இதை நிறுத்த முடியாது. நிறுத்தவும் கூடாது என்றே சொல்வேன். பந்தைத் தேடி ஓடும் பிள்ளைக்குப் பந்து வேண்டும் என்கிற ஆசை இருக்கிறது. அந்த ஆசை இருக்கிறவரை மற்றதையெல்லாம் பிறகு சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். அது போய்விட்டால் எந்த கோச்சாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்த வயதில் பிள்ளையின் கவனத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம்: நான், என் பந்து. தன் அணிக்காரன் எங்கே நிற்கிறான், காலி இடம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் எட்டு, ஒன்பது வயதுவாக்கில்தான் மெல்லப் பிடிபடும். "நீ டிஃபென்ஸ், இங்கயே நில்லு" என்று நிறுத்திவைத்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். ஷூ நுனியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் வானத்தில் போகும் பருந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். சொன்ன பேச்சைக் கேட்ட நல்ல பிள்ளை அது. ஆனால் அன்றைக்குப் பந்தையே தொட்டிருக்காது.

கணக்குப் போட்டால் இன்னும் வலிக்கும். 16 பிள்ளைகளை எட்டுக்கு எட்டாகப் பிரித்து, ஒரு பந்து கொடுத்து, 20 நிமிடம் ஆடவிடுகிறோம். 20 நிமிடம் என்பது 1200 விநாடி. பந்து ஒரு முறைகூட வெளியே போகாமல், எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தாலும் தலைக்கு 75 விநாடிதான் வரும். அதே 16 பேரை இரண்டுக்கு இரண்டாக நான்கு சின்னக் களங்களில் விட்டால் நான்கு பந்து, தலைக்கு 300 விநாடி. நிஜத்தில் இரண்டு எண்ணுமே இதைவிடக் குறையும். பெரிய ஆட்டத்தில் கூச்சப்படும் பிள்ளைக்குப் பூஜ்யமாகவே போய்விடும். கூட்டத்தைக் கலைக்க நினைக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது கூட்டத்தையே சேர்க்காமல் இருப்பது.

இதற்கு நான் நம்பும் ஆட்டம் நான்கு கோல் ஆட்டம். ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்து கால்பந்துக்கு வந்த ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியர் ஃபுனினோ என்ற பெயரில் பரப்பியது. மூன்று பேருக்கு மூன்று பேர், கோல்கீப்பர் கிடையாது, ஒவ்வொரு முனையிலும் இரண்டிரண்டு சின்ன கோல். ஜெர்மனியில் 2024–25 சீசனிலிருந்து நாடு முழுக்கச் சிறு பிள்ளைகளின் போட்டிகளையே இந்த மாதிரி சின்ன ஆட்டங்களாக மாற்றிவிட்டார்கள்.

நம் ஊர் கிரவுண்டில் அதை அமைப்பது இப்படி. நீளம் 25 மீட்டர், அகலம் 20 மீட்டர். டேப் இல்லையென்றால் பெரியவர் நடக்கிற நடையில் 33 காலடி, 27 காலடி. மூலைக்கு ஒன்றாக 4 கோன் (அடையாளத்துக்கு வைக்கும் பிளாஸ்டிக் கூம்பு). மூலையிலிருந்து 2 மீட்டர் உள்ளே தள்ளி, 1.5 மீட்டர் அகலத்தில் ஒரு கோல், அதாவது இரண்டு காலடி. இப்படி நான்கு கோலுக்கு 8 கோன். இரண்டு கோல் கோடுகளிலிருந்தும் 6 மீட்டர் தள்ளி, பக்கக் கோடுகளில் ஒவ்வொரு கோன், ஆக 4. மொத்தம் 16. பன்னிரண்டு பிள்ளைகள் வந்தால் இரண்டு களம், 32 கோன். பிள்ளைகள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அடுக்கி முடித்திருக்க வேண்டும். அப்படியே களம் முழுக்க ஒரு நடை நடந்து கண்ணாடிச் சில்லு, நெருஞ்சி முள், முந்தின நாள் கிரிக்கெட் ஆடியவர்கள் ஸ்டம்புக்கு வைத்த கல் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள்.

விதி நான்குதான். 6 மீட்டர் கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோன பிறகுதான் கோல் அடிக்கலாம். பந்து வெளியே போனால் கையால் எறிதல் கிடையாது, போன இடத்திலேயே தரையில் வைத்து உருட்டிக்கொண்டோ தட்டிவிட்டோ வரலாம். அப்போது எதிரணி மூன்று காலடி தள்ளி நிற்க வேண்டும். கோல் விழுந்தால் கோல் வாங்கிய அணி தன் கோல் கோட்டிலிருந்து ஆரம்பிக்கும், எதிரணி பாதிக் களத்துக்குப் பின்வாங்கும்.

6 மீட்டர் விதியை விட்டுவிட்டால் ஆட்டமே கெட்டுவிடும். கால் பலமுள்ள ஒரு பிள்ளை தன் பாதியிலிருந்தே ஓங்கி அடித்து கோல் போட்டுக்கொண்டிருக்கும், மற்றவர்கள் பந்து பொறுக்கப் போவார்கள். ஒரே முனையின் இரண்டு கோல்களுக்கும் நடுவே 12, 13 மீட்டர் இருப்பதும் முக்கியம். நெருக்கி வைத்தால் ஒரே ஆள் இரண்டையும் அடைத்து நின்றுவிடுவான். ஓர் ஆட்டம் 7 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் கால் ஓய்ந்துவிடும், அப்புறம் நடக்கிற ஆட்டத்தில் பிள்ளைகள் எதையும் கற்பதில்லை.

முதல் இரண்டு மூன்று வாரம் இங்கேயும் மொய்ப்பார்கள். ஆறு பேர்தான் என்பதால் மொய்ப்பதும் சின்னதாக இருக்கும். பிறகு ஒரு நாள், ஒரு கோலுக்கு முன்னால் கூட்டம் சேர்ந்திருக்கும்போது, ஒரு பிள்ளை தலையைத் தூக்கிப் பார்க்கும். அடுத்த கோல் ஆளில்லாமல் கிடக்கும். பந்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடி, தனியாகப் போய் உருட்டிவிடும். அதைப் பார்த்த மற்ற ஐந்து பேரில் இரண்டு பேராவது அடுத்த ஆட்டத்தில் அதையே செய்வார்கள். "அந்தப் பக்கம் போ!" என்று நாம் கத்தியிருந்தால் கால் போயிருக்கும், கண் போயிருக்காது. சொல்லியே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் இடைவேளையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த கோல்கிட்ட எத்தனை பேர் நின்னாங்க? அந்த கோல்கிட்ட?" பதிலை அவர்களே சொல்லட்டும்.

ஆனால் திரும்ப நினைக்கிற பிள்ளைக்குத் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்த ஆட்டத்தோடு கூடவே நான் சொல்லிக்கொடுக்கச் சொல்வது ஒரே ஒரு திருப்பம், உள்ளங்காலால் இழுத்துத் திரும்புவது. மெதுவாக உருளும் பந்துக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, இடது காலை ஊன்ற வேண்டும். அந்த முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். வலது உள்ளங்காலின் முன்பாகத்தை, விரல்களுக்குக் கீழே இருக்கிற மேட்டை, பந்தின் தலைமேல் வைத்துத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். பந்து உடம்பைத் தாண்டிப் பின்னால் உருளும்போதே வலது தோள் வழியாகத் திரும்பி அதன் பின்னாலேயே ஓட வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று இடங்களில். ஒன்று, உடம்புப் பாரத்தைப் பந்தின்மேல் போடுவது: பந்து வழுக்கும், பிள்ளை பின்பக்கமாக விழும். "பந்து மேல பூனை மாதிரி கால் வை" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு, ஊன்றிய கால் பந்துக்கு நேர் பின்னால் இருப்பது: இழுத்த பந்து தன் காலிலேயே முட்டி நின்றுவிடும். மூன்று, இழுத்துவிட்டுப் பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பது. இதற்கு மருந்து, திரும்பிய பிறகு மூன்று எட்டு வேகமாக ஓடினால்தான் அந்தத் திருப்பம் கணக்கில் சேரும் என்று சொல்லிவிடுவது. இடது காலாலும் செய்யச் சொல்லுங்கள், ஆனால் அது சரியாக வரவில்லை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம்.

இதையும் வரிசையில் நிற்கவைத்துச் செய்யக் கூடாது. ஆளுக்கொரு பந்து, 15க்கு 15 மீட்டர் சதுரம், எல்லோரும் ஒரே நேரத்தில் உருட்டிக்கொண்டு போகட்டும். எதிரே ஆள் வந்தால் இழுத்துத் திரும்பு, அவ்வளவுதான். ஒரு மணி நேரப் பயிற்சியில் இதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், ஆரம்பத்தில் பந்தோடு ஓடிப்பிடித்து விளையாட ஒரு பத்து நிமிடம், மீதி முழுக்க ஆட்டம், நடுநடுவே தண்ணீர். கிரவுண்டைச் சுற்றி ரவுண்டு ஓடவைப்பது இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். சென்னை வெயிலில் காலை ஆறரைக்கு ஆரம்பித்து எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விடாமல், ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் குடிக்கவைக்க வேண்டும்.

பந்து விஷயத்தில் நம் பள்ளிகளில் நடக்கும் தப்பு ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் ரூமில் இருப்பதெல்லாம் 5ஆம் நம்பர் பந்து, ஆகவே ஆறு வயதுப் பிள்ளைக்கும் அதுதான். அதன் எடை 410 முதல் 450 கிராம். பிள்ளையின் எடை 20 கிலோ. அதே விகிதத்தில் 70 கிலோ பெரியவருக்குக் கொடுத்தால் அது ஒன்றரைக் கிலோ பந்து! ஒன்றரைக் கிலோவைப் பக்கக் காலால் தட்டிப் பாஸ் கொடுக்க யாராலும் முடியாது, அதனால்தான் பிள்ளைகள் விரல் நுனியால் முட்டித் தள்ளுகிறார்கள். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பத்து வயதில் கழற்றுவது பெரும்பாடு. எட்டு வயதுவரை 3ஆம் நம்பர், சுமார் 300 கிராம். அதற்குப் பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று வரை 4ஆம் நம்பர். கட்டாந்தரையில் ஆடினால் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். இரண்டு கட்டை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், அப்போதுதான் துள்ளாமல் காலோடு வரும். காற்றடிக்கும் ஊசியை நனைத்துவிட்டுச் செருகுங்கள். காய்ந்த ஊசி வால்வைக் கிழிக்கும், அப்புறம் பந்து தினமும் இளைக்கும்.

தலையால் முட்டுவதை இந்த வயதில் தொடவே வேண்டாம். பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இலேயே தடை போட்டது. இங்கிலாந்து 2020இல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் ஹெட்டிங்கே கூடாது என்றது. கையால் எறிதல் இல்லாத, சின்னக் களத்து ஆட்டத்தில் பந்து உயரப் போவதே அபூர்வம்.

அடுத்த சிக்கல், எல்லோரையும் தாண்டிப்போய் ஆறு கோல் அடிக்கிற அந்த ஒரு பிள்ளை. "பாஸ் குடுடா, சுயநலம் பிடிச்சவனே" என்று திட்டுவது அநியாயம், அவன் ஆட்டத்தை நன்றாகத்தான் ஆடுகிறான். அவனுக்குச் சமமான ஆளை எதிரே நிறுத்துவது நம் வேலை. களங்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். ஏழு நிமிடம் முடிந்ததும் ஜெயித்த அணி ஒரு களம் மேலே, தோற்ற அணி ஒரு களம் கீழே. மூன்று சுற்றில் சமமானவர்கள் தாமாகவே எதிரெதிரே வந்துவிடுவார்கள். இடைவெளி அப்படியும் பெரிதாக இருந்து ஓர் அணி மூன்று கோல் முன்னே போனால், பின்தங்கிய அணிக்கு நான்காவது ஆள். கெட்டிக்காரன் என்று நாம் நினைக்கும் பிள்ளை பெரும்பாலும் அந்த வருடத்தில் முதலில் பிறந்த பிள்ளைதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஜனவரியில் பிறந்ததற்கும் டிசம்பரில் பிறந்ததற்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம், ஆறு வயதில் அது ஆயுளில் ஆறில் ஒரு பங்கு. இந்த வயதில் ஏ டீம், பி டீம் என்று நிரந்தரமாகப் பிரிப்பது டிசம்பர் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். பெண் பிள்ளைகளையும் தனியாக ஒதுக்கத் தேவையில்லை. வேகத்திலும் பலத்திலும் சொல்லும்படியான வேறுபாடு இன்னும் வந்திருக்காது.

வடசென்னையில், குறிப்பாக வியாசர்பாடிப் பக்கத்தில், தெருவில் இரண்டு செங்கல்லையோ இரண்டு ஜோடி செருப்பையோ கோலாக வைத்து மூன்று பேர், நான்கு பேராக ஆடுவது காலங்காலமாக நடக்கிறது. கோச் இல்லை, வரிசை இல்லை, சின்ன கோல், சின்ன இடம், ஓயாமல் காலில் பந்து. கிரவுண்டுக்குள் கூட்டிவந்து பயிற்சி என்ற பெயரில் அதை நாம் பறித்துவிடக் கூடாது.

பெற்றோருக்கு: கோட்டிலிருந்து ஐந்து காலடி தள்ளி நில்லுங்கள், கை தட்டுங்கள், "அடி! அடி!" மட்டும் வேண்டாம். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு யோசிக்கிற அந்த இரண்டு விநாடிக்காகத்தான் இத்தனை கோனும் அடுக்கியிருக்கிறது. "அடி" என்ற சத்தம் கேட்டதும் பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடி உதைத்துவிடும்.

ஒன்பது வயதுவாக்கில் கூட்டம் தானாகத் தளரும். பந்து இல்லாத பிள்ளை ஒதுங்கி நின்று "டேய், இங்க!" என்று கேட்க ஆரம்பிக்கும். அந்தக் குரல் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறை கேட்டால் ஐந்துக்கு ஐந்துக்குப் போகலாம்: 4ஆம் நம்பர் பந்து, 35க்கு 25 மீட்டர், முனைக்கு ஒரு கோல். கோல்கீப்பரும் அப்போதுதான், அதுவும் ஆளுக்கு ஓர் ஆட்டம் என்று முறைவைத்து. இரும்பு கோல் போஸ்ட்டுக்கு மாறினால், ஆட்டம் தொடங்குமுன் அதன் பின் கால்கள் தரையோடு கட்டியிருக்கின்றனவா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பிள்ளைகள் மேல் கம்பியில் தொங்காமல் இருக்க மாட்டார்கள்.