முதல் அரை மணி நேர மழை

தெருவோரக் கம்பிச் சட்டத்துக்குள் இறங்கும் மழைநீர் எங்கோ சுத்திகரிக்கப்பட்ட பிறகுதான் ஆற்றுக்குப் போகிறது என்று பலர் நம்புகிறார்கள். கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் குழாய் போட்ட இடங்களில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தெருவில் கிடந்தது கிடந்தபடியே நீர்நிலைக்குப் போய்விடுகிறது. பெயின்ட் வாளியை வடிகாலில் கழுவி ஊற்றுகிறவருக்கு இதை முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர மீட்டர் வாகன நிறுத்தத்தில் 25 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 25,000 லிட்டர் ஓடும். டயர் தேய்ந்த துத்தநாகம், பிரேக் தூளின் செம்பு, ஒழுகிய எண்ணெய், நாய்க் கழிவு எல்லாம் அதோடு போகும். தளம் போட்ட சிறிய பரப்புகளில் இந்த அழுக்கின் பெரும்பங்கு தொடக்க மழையிலேயே கிளம்பிவிடும்.

அதனால்தான் இந்த நீரைச் சோதிக்க மாதிரி எடுக்கும் நேரம் இவ்வளவு முக்கியம். நீர் ஓடத் தொடங்கிய 30 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். அதற்கு முந்தைய 72 மணி நேரம் மழை இல்லாதிருந்தால் நல்லது. தாமதித்துப் போனால் முடிவுகள் நல்லபடியாகவே வரும், அவற்றை நம்பி யாரும் எதையும் சரிசெய்ய மாட்டார்கள். எண்ணெய்ச் சோதனைக்குக் கண்ணாடிப் புட்டிதான், பிளாஸ்டிக் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பாக்டீரியா சோதனைக்குக் கிருமி நீக்கிய புட்டி, ஐஸ் பெட்டி, 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம். நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று எடுங்கள். கால் கலக்கிய சேறு புட்டிக்குள் வரக் கூடாது.

மூன்று நாள் மழையே இல்லாமலும் வடிகால் நீர்நிலையில் கலக்கும் இடத்தில் நீர் வந்தால் அது நிலத்தடி ஊற்றாக இருக்கலாம். நுரையும் அம்மோனியாவும் இருந்தால் மழைநீர்க் குழாயில் தவறாகச் சேர்ந்த கழிவுநீர் இணைப்பைத் தேட வேண்டும். அந்த இடத்திலிருந்து நீர் வரும் திசையில் ஒவ்வொரு ஆள்நுழைவுக் குழியாகத் திறந்து பார்ப்பதே வழி.

சேதம் மெதுவாகத்தான் தெரியும். வண்டல் மீன் முட்டையிடும் சரளையை மூடுகிறது. பாஸ்பரஸ் பாசியை வளர்க்க, அந்தப் பாசி இரவில் சுவாசிப்பதால் நீரில் கரைந்த ஆக்சிஜன் இறங்குகிறது. லிட்டருக்கு 5 மி.கி.க்குக் கீழே போனால் பல மீன்கள் திணறும். டயர் வேதிப்பொருள் ஒன்று ஓசோனுடன் வினைபுரிந்து உருவாகும் 6பிபிடி-குயினோன், கோஹோ சால்மன் மீன்களைச் சில மணி நேரத்தில் கொல்வதை 2020இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வண்டல் அடைத்த குழாயால் தாழ்வான வீடுகளுக்குள் நீர் ஏறுவதும் இதே கதையின் தொடர்ச்சி.

கம்பிச் சட்டத்துக்கு அடியில் வண்டலைப் பிடித்துவைக்கும் குழி பாதி நிறைந்ததுமே அள்ளிவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் அடுத்த பெருமழை பிடித்துவைத்ததையும் கிளறிக் கொண்டுபோகும். தெருவை விளக்குமாற்றால் பெருக்கினால் இலையும் மணலும்தான் வரும். உலோகம் அதிகம் ஒட்டியிருக்கும் நுண்தூளை உறிஞ்சி எடுக்கும் வண்டி தேவை. அள்ளிய சேற்றைக் குழியோரமே குவித்துவிட்டுப் போவதுதான் எங்களுக்கு அதிக வேதனை தருவது. ஒரே மழையில் அது திரும்ப உள்ளே போய்விடும். அள்ளிய அன்றே வண்டியில் ஏற்றி அப்புறப்படுத்துங்கள்.