கேனில் இருந்த சின்னக் கடிகாரம்

ஆய்வகத்தில் தேங்கியிருந்த இரசாயனக் கழிவுகளை லாரியில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு நாள் வேலை என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டேன். முடிய மூன்று வாரம் ஆயிற்று.

அமிலம், காரம், கரைப்பான் என்று பிரித்து, கசிந்தால் தாங்கும் ஆழமான தட்டுகளில் வைத்தேன். அப்போதுதான் கவனித்தேன்: சோடியம் ஹைப்போகுளோரைட் கேனும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரே அலமாரியில் ஒட்டி உரசி நின்றிருந்தன. இரண்டும் கசிந்து கலந்திருந்தால் அறை முழுக்கக் குளோரின் வாயுதான். அங்கே வைத்தது யார் என்று நான் விசாரிக்கவில்லை, நானாகவே இருந்திருக்கலாம்.

ஒரு பழுப்பு பாட்டில் நான்கு நாட்களைத் தின்றது. லேபிளில் 'கழிவு' என்று மட்டும் இருந்தது. ஆபத்தான சரக்கு ஒவ்வொன்றையும் அடையாளம் காட்ட ஒரு ஐ.நா. எண் உண்டு. உள்ளே இருப்பது அசிட்டோன் என்று தெரிந்தால் ஐ.நா. எண் 1090, வகுப்பு 3 (தீப்பற்றும் திரவம்) என்று எழுதி ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். தெரியாத திரவத்துக்கு எந்த எண்ணைப் போடுவது? கையெழுத்தை வைத்து, வேலையை விட்டுப் போனவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "குளோரோஃபார்ம்தானே அது!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லாரி வந்தது. ஓட்டுநர் என் அழகான லேபிள்களைப் பார்க்கவே இல்லை. குனிந்து, கேனில் அச்சாகியிருந்த ஒரு சிறு வட்டத்தை விரலால் தடவினார். கடிகாரம் போல 1 முதல் 12 வரை எண்கள், மாதத்தைக் காட்டும் அம்புக்குறி, நடுவில் ஆண்டு. பிளாஸ்டிக் கேனைத் தயாரித்த நாளிலிருந்து பொதுவாக 5 ஆண்டுகள்தான் ஆபத்தான சரக்குக்குப் பயன்படுத்தலாம்; 55 சதவீதத்துக்கு மேல் அடர்த்தியான நைட்ரிக் அமிலம் என்றால் 2 ஆண்டுகள்தான். எங்கள் கேன்களில் மூன்று, கிடங்கில் வெறுமனே கிடந்தே ஆறு வயதைத் தாண்டியிருந்தன. பார்க்கப் புத்தம் புதியவை! அந்த மூன்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவற்றில் இருந்ததை, ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் வைத்துப் புதுக் கேன்களுக்கு மாற்றினேன். முன்பு கழுத்துவரை நிரப்பியதும் தவறுதான். வெயிலில் கரைப்பான் விரிவடையும். இம்முறை பத்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விட்டேன்.

அடுத்த முறை அதே ஓட்டுநர் வந்தபோது, அவர் குனிவதற்கு முன்பே கேனைத் திருப்பி வட்டத்தைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு, மூடி இறுகியிருக்கிறதா என்று திருகிப் பார்த்தார்.