பம்பின் விலையை மட்டும் விசாரித்தேன்

டைப் 1 சர்க்கரை வந்து பல வருடம் இன்சுலின் பேனா ஊசியிலேயே ஓட்டியவன் நான். தினம் நான்கு குத்து. உடம்போடு மாட்டிக்கொண்டால் தானே இன்சுலின் செலுத்தும் பம்புக்கு மாறலாம் என்று ஆசை வந்தபோது அதன் விலையை மட்டும் விசாரித்து, பணத்தைப் புரட்டிவிட்டேன்.

"மாசச் செலவு போட்டுப் பார்த்தீங்களா?" என்று நர்ஸ் கேட்டார். இல்லை.

உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். பம்பிலிருந்து இன்சுலினை உடம்புக்குள் கொண்டுபோகும் இன்ஃப்யூஷன் செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; மூன்று நாள் என்றே வைத்தாலும் வருடத்துக்கு 120க்கு மேல். இன்சுலின் நிரப்பும் ரிசர்வாயர் தனி. கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார், 14 நாள் ரகம் என்றால் 26, பத்து நாள் ரகம் என்றால் 37. போதாததற்கு, பம்ப் நின்றுபோனால் உடம்பில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது, சில மணி நேரத்தில் ரத்தத்தில் கீட்டோன் என்ற ஆபத்தான அமிலம் ஏற ஆரம்பித்துவிடும். அதனால் பேனாவும் கையில் இருக்க வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான்.

சரி, முதலில் சென்சார் மட்டும் என்று முடிவு செய்தேன்.

மூன்றாம் நாள் கதவு நிலையில் கை உரசியது. பட்டென்று ஒரு சத்தம். மயிரிழை மாதிரி அந்தக் கம்பி வெளியே வந்து, ஒட்டு பாதி பிய்ந்து தொங்கியது. எரிச்சலில் குப்பையில் போட்டேன், பெட்டியையும் சேர்த்து. மாற்று கேட்டுப் போன் செய்தால், முதல் கேள்வியே சீரியல் எண்! மீதி பதினோரு நாளும் அதோடு போயிற்று.

அப்புறம் ஒட்டும் முன்பே பெட்டியைப் படம் எடுத்துவைக்கப் பழகினேன். எட்டாம் நாள் தானாகச் செத்துப்போன இன்னொன்றுக்கு அந்தப் படத்தால்தான் மாற்று கிடைத்தது.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் செலவு மிச்சமாகும் என்று நினைத்ததும் முழுசாக நடக்கவில்லை. ஒரு நாள் நடுராத்திரி சென்சார் அலாரம், சர்க்கரை 58க்கு இறங்கிவிட்டது என்றது. விரலில் குத்திப் பார்த்தால் 112. சென்சார் இருந்த கையை அமுக்கிப் படுத்திருந்தேன், அவ்வளவுதான். குத்திப் பார்க்காமல் குளுக்கோஸ் தின்றிருந்தால் விடிகாலையில் சர்க்கரை எகிறியிருக்கும்.

இப்போது டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, டோஸ் மாற்றும் சமயங்களில் சென்சாரைத் தொடர்ந்து போடுகிறேன். மற்ற மாதங்களில் ஒன்று போட்டு ஒன்று விடுகிறேன். விட்ட நாட்களில் ராத்திரி கொஞ்சம் பயம்தான், மறைப்பானேன்.

பம்ப் இன்னும் வாங்கவில்லை. அந்தத் தாள் ஊசிப் பெட்டியில் மடித்துக் கிடக்கிறது. போன வாரம் எடுத்து, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: சென்சார் மேல் ஒட்டும் டேப்.